பெர்னடீன் நழுவவிட்ட ஏழாவது பந்து

பெர்னடீன் வோய்டாசிக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் போர்ட் ஹாலண்டில் ஓட்டத் தெரியாதவர்கள் இன்னும் நிறைய உண்டு. அவர்களெல்லாம் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பெர்னடீன் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தது டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில், எட்டாம் கவுண்டரில். ஒன்பது தடவை தேர்வுக்குப் போனாள், ஒன்பது தடவையும் தோற்றாள். பத்தாவது தடவை போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அந்த எக்ஸாமினருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு மாசந்தான் பாக்கி இருந்துச்சு காஸ். மனுஷன் உசுரோட வீடு போய்ச் சேரட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

காஸ் என்பது நான். கால்வாய்க்கரைச் சாலையில் டயர் கடை வைத்திருக்கிறேன். ஃபுட்பால் மைதானத்தின் வடமேற்கு மூலையில், முதல் வரிசையில், பதிமூன்றாம் இருக்கை இருபத்திரண்டு வருடமாக என்னுடையது. பதினான்கு பெர்னடீன். பதினைந்து அவள் புருஷன் ஹெர்ப். கல்யாணம், கருமாதி, பனிப்புயல் எது வந்தாலும் நாங்கள் மூவரும் அங்கே இருப்போம். எங்கள் அணிக்குப் பெயர் மியூல்ஸ், அதாவது கோவேறு கழுதைகள். ஒரு காலத்தில் கால்வாயில் படகை இழுத்தவை அவைதான். எங்களை யாரும் கழுதை என்று திட்ட முடியாது. அதை நாங்களே காசு கொடுத்துச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெர்னடீன் பொறுமைசாலி என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அவள் கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் பொறுமை வேண்டும். ஆனால் தோற்பவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு தனிக் கொள்கை இருந்தது. முப்பத்தோரு வருடம் தோற்றவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து உண்டான கொள்கை.

"மொத தடவ பயத்துல தோப்பான். ரெண்டாவது தடவ கோவத்துல. மூணாவது தடவ வெக்கத்துல. நாலாவது தடவ பயமும் இருக்காது, கோவமும் இருக்காது, வெக்கமும் இருக்காது. வண்டிய மட்டும் ஓட்டிட்டுப் போயிருவான்."

"அப்போ நீ ஒம்பது தடவ?"

"எனக்கு நெசமாவே ஓட்ட வராது. அது வேற விஷயம்."

இந்த நிலையில்தான் அந்த வருடம் டவாரிஸ் பெட்வே வந்து சேர்ந்தான். தெற்கே அலபாமாவிலிருந்து, ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன். ஆறடி மூன்றங்குலம். அவன் ஓடுவதைப் படம் பிடித்தபோது கேமராக்காரரின் கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் ஃபுட்பாலில் காலுக்கு அவ்வளவு வேலையில்லை. ஒருவன் முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிவான், இன்னொருவன் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அந்த இன்னொருவனாகத்தான் பெட்வேயை அழைத்து வந்திருந்தார்கள். எட்டு வருடமாக ஒழுங்காகப் பிடிக்க ஆளில்லாத ஊர். விமான நிலையத்துக்கு இரண்டாயிரம் பேர் போனோம். ஹெர்ப் ஒரு முரசு கொண்டு வந்திருந்தான்.

பையன் மின்னல்தான். ஆனால் பந்து மட்டும் கையில் தங்கவில்லை. முதல் மூன்று ஆட்டத்தில் ஒரே ஒரு பந்தைப் பிடித்தான். சில நேரம் பந்து வருவதற்கு முன்பே அவன் போய்ச் சேர்ந்துவிடுவான். சில நேரம் பந்து முதுகில் பட்ட பிறகு திரும்பிப் பார்ப்பான்.

"கையாடா அது, சல்லடையா?" என்று எங்கள் பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்துவார். அவர் பல் டாக்டர். வாரநாட்களில் மிகவும் மென்மையாகப் பேசுவார்.

பெர்னடீன் திரும்பிப் பார்த்துச் சொல்வாள்: "மூணு ஆட்டந்தானே ஆச்சு டாக்டர். உங்க மொத மூணு பல்ல யார் வாய்ல புடுங்குனீங்க, எப்படிப் புடுங்குனீங்கன்னு கேக்கட்டா?"

எங்கள் பயிற்சியாளர் ஹேவர்காம்ப் பிடிவாதக்காரர். பெட்வே உயரமானவன், எம்பக்கூடியவன் என்பதால் அவனுக்கென்று ஒரு திட்டம் வைத்திருந்தார். எதிரணியின் எல்லைக்கோட்டை நெருங்கியதும் பந்தை மைதானத்தின் மூலைக்கு உயரமாகத் தூக்கிப் போட வேண்டும். பெட்வே எம்பிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஆறு புள்ளி. எந்த மூலை? வடமேற்கு மூலை. எங்கள் மூலை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, முதல் மூலைப் பந்து வந்தது. பெட்வே எம்பினான். அழகான எம்பல், அதில் குறை சொல்ல முடியாது. பந்து அவன் விரல்நுனியில் பட்டு, மேலே துள்ளி, சுவரைத் தாண்டி வந்து, பெர்னடீனின் மடியில் பூனை மாதிரி உட்கார்ந்தது. அவள் ஒரு கையில் சாசேஜ் சாண்ட்விச் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு வெங்காயத் துண்டுகூடக் கீழே விழவில்லை.

அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் இரண்டு பந்து வந்தது, இரண்டையும் பிடித்தாள். அழுகிற குழந்தையைக் கைமாற்றி வாங்குகிற மாதிரி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பாள். ஒவ்வொரு தடவையும் பந்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பரவால்லப்பா, அடுத்தது பாத்துக்கலாம்" என்று பெட்வேயைப் பார்த்துச் சொல்வாள். அறுபதாயிரம் பேர் கூச்சலில் அது அவன் காதில் விழுந்திருக்காது. நான்காவது பந்தை அவள் பிடித்தபோது மைதானத்தின் பெரிய திரையில் அவள் முகத்தைக் காட்டினார்கள். ஐந்தாவது பந்துக்குக் கூட்டம் எழுந்து நின்றது. ஆறாவது, எதிரணிக்காரன் ஒருவன் தட்டிவிட்டுத் திசைமாறி வந்த பந்து. அதைப் பிடிக்க பெர்னடீன் இருக்கையில் ஏறி நிற்க வேண்டியிருந்தது. அறுபத்தொரு வயது, இடுப்பு வலிக்காரி, ஒற்றைக் கையால் பிடித்தாள். அவளே ஒரு நிமிடம் அந்தக் கையை யாருடையதோ போலப் பார்த்தாள்.

எங்கள் ஊர் வானொலியில் கார்மைன் பெலூசோ என்று ஒருவர் காலையில் ஃபுட்பால் பேசுவார். மறுநாள் அவர் அறிவித்தார்: "இந்த சீசன்ல இதுவரைக்கும் டவாரிஸ் பெட்வே பிடிச்சது அஞ்சு பந்து. லைசென்ஸ் ஆபீஸ் பெர்னடீன் பிடிச்சது ஆறு. அதுல அஞ்ச உக்காந்துக்கிட்டே பிடிச்சாங்க. ஃபோன் லைன் திறந்துருக்கு, பேசுங்க."

பேசினார்கள். மூன்று மணி நேரம் பேசினார்கள்.

வாரத்துக்குள் அவள் முகம் போட்ட சட்டை சந்தைக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் எட்டாம் கவுண்டருக்கு மட்டும் வரிசை வாசல்வரை நின்றது. அங்கே ஒரு வேலையும் இல்லாதவர்கள் டோக்கன் எடுத்தார்கள். விண்ணப்பத்தை நீட்டாமல் நான்கடி தள்ளி நின்று எறிந்தார்கள், பிடிக்கிறாளா பார்ப்போம் என்று. பிடித்துவிடுவாள், அதுதான் கொடுமை. ஹெர்ப் கார் ஷெட்டின் கதவில் அவள் பெயரையும் இருக்கை எண்ணையும் ஒரு ஆள் உயரத்துக்குப் பெயின்டில் எழுதினான். இரண்டு எழுத்தைத் தலைகீழாக எழுதியதும் அவன்தான்.

கூட்டம் அவளைக் கொண்டாடிய ஒவ்வொரு சத்தமும் அந்தப் பையன் தலையில் குட்டாக விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். பந்தைத் தவறவிட்டுச் சுவரோரம் விழுந்து கிடப்பான். எழுந்து நிமிர்ந்தால் எதிரே எங்கள் மூவரின் முழங்கால். அதற்கு மேலே தன் பந்தை வைத்துக்கொண்டு ஒரு அத்தை. அந்த அத்தையின் பெயரைச் சொல்லி ஊரே கத்தும். ஆறாவது பந்தின்போது அவன் எழுந்திருக்கவே நேரம் எடுத்துக்கொண்டான். சுவரில் கைவைத்து, தலையைக் குனிந்தபடி, "நல்லா பிடிச்சீங்க மேடம்" என்றான். தெற்கத்திப் பிள்ளைகள் அப்படித்தான், மரியாதை போகாது.

அன்று திரும்பும் வழியில், ஹெர்பின் வண்டியில், பெர்னடீன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அந்த ஆறு பந்தும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு காஸ். சத்தியமா. என் வாழ்நாள்ல யாரும் எனக்காக எந்திரிச்சு நின்னதில்ல. அதான் சங்கடமா இருக்கு."

ஹெர்ப், "எதுக்குச் சங்கடம்? அடுத்த வாரம் ஏழாக்கிரு" என்றான்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

நவம்பர் நடுவில் கடும் குளிரில் அடுத்த ஆட்டம். எங்களுக்கும் ஏரிக்கு அக்கரை அணிக்கும் பரம்பரைப் பகை. பாட்டன் காலத்தில் யார் எதற்காக ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாததால் அதை முடித்துவைக்கவும் வழியில்லை. மூன்றாம் பகுதியில் ஹேவர்காம்ப் மூலைப் பந்தை அனுப்பினார். பெட்வே எம்பினான், விரலில் பட்டது, துள்ளியது. நேராக அவளை நோக்கி வந்தது. பல் டாக்டரின் பேத்திகூடப் பிடித்திருப்பாள், அவ்வளவு சுலபமான பந்து. கூட்டம் முன்கூட்டியே கைதட்ட ஆரம்பித்துவிட்டது.

பெர்னடீன் இரண்டு கையையும் நீட்டினாள். பிறகு, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு கையையும் பின்னால் இழுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

பந்து அவள் மார்பில் மொத்து என்று பட்டு, என் மடியில் இருந்த, அவள் கறி அடைத்துச் செய்த முட்டைக்கோஸ் சுருள் பாத்திரத்தைக் கவிழ்த்து, ஹெர்பின் காலடியில் போய் நின்றது.

அறுபதாயிரம் பேரும் கைதட்டலைப் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு ஊளையிட ஆரம்பித்தார்கள். அப்படியொரு ஊளையை நான் எதிரணிக்குக்கூடக் கேட்டதில்லை. பெரிய திரையில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், மெதுவாக, இன்னும் மெதுவாக. தொலைக்காட்சியில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் அவள் முழங்கையைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டு, "கவனம் சிதறிப்போச்சு. பந்து வர்றதுக்கு முன்னாடியே கையச் சூடு பண்ணப் போயிட்டாங்க" என்று விளக்கினார். பெர்னடீன் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

மறுநாள் கார்மைன் பெலூசோவின் நிகழ்ச்சி ஐந்து மணி நேரம் ஓடியது.

"வயசாயிருச்சுங்க. கண்ணு தெரியாது. அந்த சீட்டுல ஒரு சின்னப் பொண்ண உக்கார வைக்கணும்."

"புகழ் தலைக்கேறிப்போச்சு கார்மைன். சட்டையெல்லாம் அடிச்சு வித்தா இப்படித்தான்."

"ஒரே ஒரு பந்துங்க! ஆறு பிடிச்சவங்க ஒண்ணு விட்டதுக்கு இப்படியா? அவங்களுக்குக் கொஞ்சம் டைம் குடுங்கப்பா!"

இந்தக் கடைசிக் குரல் ஹெர்புடையது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியிருந்தான், ஆனாலும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. 'பெர்னிக்கு அவகாசம் கொடுங்கள்' என்று சிலர் வாசலில் பலகை நட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கள், 'பதினான்காம் இருக்கைக்குப் புது ஆள் வேண்டும்' என்று நட்டார்கள். கறிக்கடையில் அவளுக்கு எப்போதும் கொடுக்கும் நல்ல சாசேஜைக் கொடுக்காமல் நுனித்துண்டுகளாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் இலவசமாகக் கண் பரிசோதிக்கிறேன் என்று அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஞாயிறு பூசையில் ஃபாதர் ஸெனான், அடுத்தவர் கை தவறுவதைப் பொறுத்துக்கொள்வது பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். கோயிலில் எல்லாத் தலையும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஹேவர்காம்பின் வாராந்தரப் பேட்டி. ஒரு நிருபர் எழுந்து, "கோச், அடுத்த வாரம் பதினான்காம் இருக்கையில் பெர்னடீன்தான் உட்காருவார்களா?" என்று கேட்டார். ஹேவர்காம்ப் தாடையைத் தடவிக்கொண்டு, "ஒவ்வொரு நாளா பாத்துத்தான் முடிவு பண்ணணும்" என்றார். கேள்வி என்ன என்பதை அவர் கவனிக்கவே இல்லை என்பது என் கருத்து. இருபது வருடமாக எல்லாக் கேள்விக்கும் அதைத்தான் சொல்லிவந்தார்.

அந்த வாரம் முழுவதும் பெட்வேயிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சீசன் ஆரம்பித்ததிலிருந்து அவன் பெயர் வானொலியில் வராத முதல் வாரம் அதுதான். பெர்னடீன் நினைத்தது நடந்துவிட்டது. அதற்கு அவள் நுனித்துண்டு சாசேஜ் தின்ன வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை என் வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். என் டோக்கன் எண் நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பதினான்காம் எண்ணை வைத்துக்கொண்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, முழங்கால் இரண்டும் முன்பெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தது பெட்வே. இரண்டே முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தான். அவன் எண் எட்டாம் கவுண்டரில் வந்தது. நான் அடுத்த ஆள் என்பதால் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாரும் தப்பாக நினைக்க முடியாது.

"அலபாமா லைசென்ஸ மாத்தணும் மேடம்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க வேணும்னே விட்டீங்க" என்றான்.

"எத?"

"பந்த."

"கை வெறச்சுப்போச்சுப்பா. குளிரு."

"மேடம், நான் பந்து விடறவன். இந்த ஊர்லயே என்னவிட அதிகமா விட்டவன் கெடையாது. பந்து விடறவன் கடைசி நிமிஷம் வரைக்கும் கைய நீட்டிக்கிட்டுத்தான் இருப்பான். யாரும் பாக்கெட்டுல போட்டுக்க மாட்டான்."

பெர்னடீன் முத்திரைக்கட்டையைத் தேய்த்தாள்.

"நீங்க என்னமோ நல்லது பண்றதா நெனச்சுட்டீங்க. அன்னிக்கு ராத்திரி எங்கம்மா ஃபோன் பண்ணி, 'பாவம்டா அந்த அம்மா, உன்னால அவங்களுக்கும் கை விளங்காமப் போச்சு'ன்னு அழுவுறாங்க. இப்ப நான் ரெண்டு பேரு விட்டதுக்குப் பொறுப்பு."

"நான் உங்கம்மாவ நெனைக்கலப்பா" என்றாள் பெர்னடீன். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"இன்னொண்ணு. கோவிச்சுக்காதீங்க. நீங்க பிடிக்கிற விதமே தப்பு. நெஞ்சுல வாங்குறீங்க. நெஞ்சுல வாங்குனா ஒரு நாள் இல்ல ஒரு நாள் துள்ளி ஓடிரும். ரெண்டு கட்டை விரலையும் சேத்து வைங்க, இப்படி. நடுவுல தெரியுற சந்து வழியா பந்தோட மூக்கப் பாக்கணும். கைக்குள்ள வர்ற வரைக்கும் கண்ண எடுக்கக்கூடாது."

கவுண்டரில் இருந்த டேப் உருளையை எடுத்து எறிந்தான். அவள் கட்டை விரல்களைச் சேர்த்துவைத்துப் பிடித்தாள். சத்தமே இல்லாமல் கையில் வந்து அமர்ந்தது.

"பாத்தீங்களா?"

"நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பி எறிந்தாள். அவன் கட்டை விரல்களைச் சேர்த்தான், சந்து வழியாகப் பார்த்தான், டேப் அவன் கையில் பட்டுத் துள்ளி என் கால்மேல் விழுந்தது. பின்னால் காத்திருந்தவர்கள் எல்லாரும் சுவரில் மாட்டியிருந்த போக்குவரத்து விதிகளைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியேப்பா, அப்புறம் ஏன்?" என்று பெர்னடீன் கேட்டாள். கேலியாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

"காலேஜ்ல நான் போய் நின்னதுக்கப்புறம் எறிவாங்க மேடம். இங்க நான் இன்னும் திரும்பவே இல்ல, பந்து கெளம்பிருது. ஆள் இல்லாத எடத்துக்கு எறியுறாங்க. அங்க நான் இருப்பேன்னு நம்பி எறியுறாங்க. நான் இருப்பேனான்னு எனக்கே தெரியல."

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள். பெர்னடீன் அவன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி எங்க?" என்றாள்.

"ஓட்டல்ல இருக்கேன் மேடம். ஆகஸ்ட்லேருந்து."

"மூணு மாசமா ஓட்டல்லயா? ஏன்?"

"எப்ப வேணா அனுப்பிருவாங்க. எதுக்கு வீடு?"

"ஓட்டல்ல இருக்கறவனுக்கு லைசென்ஸ் கெடையாது. ஒரு வீட்டப் பாத்துக் குடிபோயி, கரண்டு பில்லோட வா. அடுத்து! நூத்திப் பதினஞ்சு!"

அவன் போய்விட்டான். "பெர்னி, அந்தப் பையனுக்காகக் கொஞ்சம் கண்டுக்காம விட்டிருக்கலாம்ல?" என்றேன். "பந்தக் கண்டுக்காம விட்டுத்தான் நுனித்துண்டு தின்னுக்கிட்டிருக்கேன்" என்றாள். என் காகிதத்திலும் ஒரு கையெழுத்து குறைகிறது என்று திருப்பி அனுப்பினாள்.

லைசென்ஸுக்காகவே பெட்வே வீடு பார்த்தான். கால்வாய்ப் பக்கம், மேல்மாடி, பழைய ரேடியேட்டர், சன்னலைத் திறந்தால் ரொட்டிக்கடை வாசனை. இரண்டாம் தடவை அவன் வந்தபோது மின்சார பில்லில் பெயரை 'பெட்டிவே' என்று அச்சடித்திருந்தார்கள், திருப்பி அனுப்பினாள். மூன்றாம் தடவை லைசென்ஸ் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்தான். காத்திருந்த நேரத்தில் அணியின் நானூறு பக்க ஆட்டத்திட்டப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்தான். மைதானத்தில் அதைத் திறந்தாலே யாராவது ஏதாவது கேட்பார்களாம். லைசென்ஸ் அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள், அதனால் வசதியாக இருந்தது என்று பின்னாளில் சொன்னான்.

டிசம்பர் மாதம், கடைசி உள்ளூர் ஆட்டம். நான்கு வெற்றி, பதினொரு தோல்வி என்ற நிலையில் இருந்தோம். பனி பெய்துகொண்டிருந்தது. பெர்னடீன் தன் இருக்கைக்கு வந்தபோது பாதிக் கூட்டம் கைதட்டியது, பாதி ஊளையிட்டது. அவள் கம்பளியை மடியில் விரித்து, பாத்திரத்தைத் திறந்து, முட்டைக்கோஸ் சுருளை எனக்கும் ஹெர்புக்கும் பங்கு போட்டாள்.

இரண்டாம் பகுதியில் மூலைப் பந்து வந்தது. பந்து கிளம்பியபோது மூலையில் யாரும் இல்லை, வெறும் பனி. பிறகு பெட்வே அங்கே இருந்தான். எம்பினான். கட்டை விரல்கள் சேர்ந்திருந்தன. பந்து உள்ளே போனது, வெளியே வரவில்லை. இரண்டு காலும் கோட்டுக்குள் ஊன்றின. டச் டவுன், ஆறு புள்ளி, அவன் முதல் டச் டவுன். ஆனால் பனித்தரையில் அவனால் நிற்க முடியவில்லை. வந்த வேகத்தில் சுவரைத் தாண்டி, பந்தோடும் தலைக்கவசத்தோடும், தொண்ணூற்றைந்து கிலோவும் சேர்ந்து பெர்னடீன்மேல் வந்து விழுந்தான்.

அவள் கையைப் பையில் போடவில்லை. இரண்டு கையாலும், நெஞ்சோடு, அணைத்துப் பிடித்தாள். இருக்கை உடைந்தது. முட்டைக்கோஸ் முழுவதும் பல் டாக்டர்மேல் போனது.

"மேடம், அடி பட்டுருச்சா?"

"மணிக்கட்டுதான். பந்து எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு."

"அப்ப எந்திரி, மூச்சு முட்டுது."

மணிக்கட்டு உடைந்திருந்தது. அணி மருத்துவரே வந்து கட்டுப் போட்டார். அந்த வார அணியின் காயப்பட்டவர்கள் பட்டியலில் ஏழாவதாக அவள் பெயரும் இருந்தது. யாரோ விளையாட்டாகச் சேர்த்தது, யாரும் எடுக்கவில்லை. கார்மைன் பெலூசோவுக்குக் கேட்கவா வேண்டும்? பந்தோடு சேர்த்து ஆளையும் பிடித்தது பெர்னடீனின் ஏழாவது கணக்கில் வருமா வராதா என்று குளிர்காலம் முழுவதும் வாதம் நடந்தது. சட்டம் படித்த ஒருவர் கடிதமே எழுதினார். கறிக்கடையிலிருந்து நல்ல சாசேஜ் இரண்டு கிலோ வீட்டுக்கு வந்தது.

அடுத்த வருடம் ஹேவர்காம்பை அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவர் பந்தை நடுவில்தான் போடச் சொல்வார், மூலைக்கு எதுவும் வருவதில்லை. பெட்வே அந்த வருடம் நாற்பத்தொரு பந்து பிடித்தான், அதற்கடுத்த வருடம் அறுபத்தெட்டு. மகா ஆட்டக்காரன் என்று சொல்ல மாட்டேன். இன்றும் எட்டுக்கு ஒன்று கை தவறும். ஆனால் எறிபவன் அவனைப் பார்க்காமலே எறிகிறான். பெர்னடீன் ஓய்வு பெற்றுவிட்டாள். உடைந்த இருக்கைக்குப் பதில் வைத்த புது இருக்கை இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்கிறாள்.

போன கோடையில் வானொலியில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது: மியூல்ஸ் வரலாற்றின் மிகச் சிறந்த கைகள் யாருடையவை? ஊர் வாக்களித்ததில் டவாரிஸ் பெட்வே பதினொன்றாம் இடம், பெர்னடீன் வோய்டாசிக் ஒன்பதாம் இடம். பெட்வேயே நிகழ்ச்சிக்கு ஃபோன் செய்தான்.

"கார்மைன், இது அநியாயம்."

"உங்களுக்குக் கோவம் வர்றது நியாயந்தான் டவாரிஸ். பதினொண்ணுங்கறது..."

"என்னச் சொல்லல. மேடம சொல்றேன். எட்டாவது எடத்துல போட்டுருக்கீங்களே, அவரு வீடியோ எல்லாம் பாத்துருக்கேன். அவருக்கு மேல வரணும் மேடம்."

இந்தச் செய்தியை ஹெர்ப் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது நாங்கள் அவர்கள் பின்கட்டில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தோம். பெர்னடீன் புகையை ஒதுக்கிவிட்டு, பட்டியலை எழுதிக் கொண்டுவரச் சொன்னாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனக்கு மேலே இருந்த எட்டுப் பெயரையும் மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தாள்.

"இந்த மூணாவது ஆளு செத்து இருவது வருஷம் இருக்கும்ல காஸ்?"

"இருக்கும்."

"அப்ப அந்த எடத்த வச்சு அவரு என்ன பண்ணப் போறாரு?" என்று கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள்.